பழைய டீசல் காருக்கு எந்த ஆயில்?

"சார், நீங்கள் ரயில்வே டீசல் ஷெட்டில் இருந்தவராயிற்றே, என் வண்டிக்கு எந்த ஆயில் ஊற்றலாம்?" என்று நம் சங்கத்து அன்பர்கள் பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். கேட்பவர்களில் பெரும்பாலோர் வீட்டில் இருப்பது டீசல் அம்பாசடர். சிலரிடம் இசுசு டீசல் பொருத்திய காண்டெசா. ஓரிருவர் 240டி, 300டி போன்ற பழைய மெர்சிடிஸ் டீசலைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். நின்றபடியே பதில் சொல்லி முடிக்கக் கூடிய கேள்வியாக இது இல்லாததால், எழுத்தில் தருகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். 2021-ல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிக்குத்தான் 'விண்டேஜ்' என்ற பெயர் செல்லும். நம்முடைய டீசல் அம்பாசடர்கள் 1980-ஐ ஒட்டி வரத் தொடங்கியவை. எனவே சட்டப்படி அவை இன்னும் அந்த வயதை எட்டவில்லை. ஆனால் ஆயில் விஷயத்தில் அவை கிழவர்கள்தாம். உத்தரப்பாரா தொழிற்சாலையில் அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. இன்று ஒரு கிராங்க் ஷாஃப்டோ கியரோ போனால், நல்ல உதிரிப் பாகத்துக்கு ஊர் ஊராக அலைய வேண்டும். அப்பா வாங்கிய வண்டி என்று பாசத்தோடு வைத்திருப்பவர்களுக்கு, சில நூறு ரூபாய் ஆயிலில் செய்யும் தவறு வண்டியையே இழக்கச் செய்துவிடும்.

உள்ளே இருக்கும் உலோகமே ஆயிலைத் தேர்ந்தெடுக்கிறது

விலை அதிகமான ஆயில் நல்லது, கெட்டியான ஆயில் பலமானது, புதிதாக வந்த ஆயில் எல்லாவற்றிலும் சிறந்தது என்று மூன்று நம்பிக்கைகள் நம் மக்களிடம் உண்டு. மூன்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரே கேள்வியைக் கேளுங்கள்: அந்த ஆயில் தொடப்போகும் உலோகம் எது?

ரயில்வேயிலிருந்தே ஓர் உதாரணம். வாரணாசியில் 1964 முதல் தயாரான டபிள்யூ.டி.எம்-2 இஞ்சின் அமெரிக்க ஆல்கோ வடிவமைப்பு. அதற்குச் சற்று முன்னால், 1960-களின் தொடக்கத்தில், ஜெனரல் மோட்டார்ஸ் வடிவமைத்த டபிள்யூ.டி.எம்-4 இஞ்சின்கள் அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கின. இரண்டும் டீசல்தான், இரண்டும் இழுப்பதும் ரயிலைத்தான். ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் இஞ்சினில் பிஸ்டனோடு கனெக்டிங் ராடு சேரும் இடத்து பேரிங்குகளுக்கு வெள்ளி முலாம் உண்டு. சாதாரண மோட்டார் ஆயில்களில் தேய்மானத்தைத் தடுப்பதற்காகச் சேர்க்கும் துத்தநாகக் கூட்டு, வெள்ளியை அரித்துவிடும். ஆகவே அந்த இஞ்சினுக்குத் துத்தநாகம் இல்லாத ஆயில்தான் ஊற்ற வேண்டும். லாரிக்கு அமிர்தமாக இருக்கும் மருந்து, அந்த இஞ்சினுக்கு விஷம்!

நம் பழைய காரில் வெள்ளி கிடையாது. ஆனால் பேரிங்குகளில் ஈயமும் செம்பும் உண்டு. கியர் பெட்டியில் பித்தளை அல்லது வெண்கல வளையங்கள் உண்டு. பின் அச்சில் எஃகுப் பற்களைத் தவிர வேறில்லை. இவை மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதாகப் புரியும்.

டீசல் இஞ்சினுக்குள் ஆயில் படும் பாடு

டீசல் இஞ்சினில் பிளக் கிடையாது. காற்றை இருபது மடங்குக்கு மேல் அழுத்திச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்ற வைக்கிறோம். அதனால் பேரிங்குகள் மேல் விழும் அடி பெட்ரோல் இஞ்சினைவிடக் கடுமையானது. எரியும்போது உண்டாகும் புகைக்கரியில் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலில் இறங்குகிறது. எரிபொருளில் கந்தகம் இருந்தால், அது நீராவியோடு சேர்ந்து அமிலமாகி, பேரிங்கில் உள்ள ஈயத்தைத் தின்கிறது.

எனவே டீசல் ஆயிலுக்கு வழவழப்பு மட்டும் போதாது. கரியைக் கழுவி எடுக்கவும், எடுத்த கரி கட்டியாகாமல் தூளாகவே மிதக்கவும், அமிலத்தை முறிக்கவும் தேவையான மருந்துகள் அதில் இருக்க வேண்டும். "ஆயில் மாற்றிய மறுநாளே கறுத்துவிட்டது, ஏமாற்றிவிட்டான்" என்று மெக்கானிக்கைத் திட்டும் அன்பர்கள் உண்டு. பழைய டீசல் இஞ்சினில் ஆயில் கறுப்பது, அது கரியைச் சுமந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். பல நூறு கிலோமீட்டர் ஓடியும் தேன் நிறத்திலேயே இருந்தால்தான், கரி வேறெங்கோ படிகிறதா என்று சந்தேகப்பட வேண்டும்.

டப்பாவின் மேல் எண்

டப்பாவில் 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்று போட்டிருப்பது எஸ்.ஏ.இ. எண். இது ஆயிலின் பிசுபிசுப்பை மட்டுமே சொல்கிறது, தரத்தைச் சொல்வதில்லை. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. அதற்கு முன்னால் இருக்கும் எண் சிறியதாக இருந்தால், குளிரில் ஆயில் இளகி எளிதாக ஓடும் என்று பொருள். பின்னால் இருக்கும் 40, 50 ஆகியவை, இஞ்சின் சூடேறி ஆயில் 100 டிகிரி சென்டிகிரேடில் இருக்கும்போது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைக் காட்டுகின்றன.

முன்பெல்லாம் 30, 40 என்று ஒற்றை எண் ஆயில்தான். சென்னையில் அது சிரமம் தரவில்லை. ஆனால் நாமோ பல ஊர்களில் குடியேறியவர்கள். நாகபுரியில் மே மாதம் 45 டிகிரி வரை கொதிக்கும். தில்லியில் ஜனவரி விடியற்காலையில் 4, 5 டிகிரிக்கு இறங்கும். குளிரில் கெட்டியான ஆயில் மேலே ஏறி ராக்கர் ஷாஃப்ட் வரை சென்று சேர்வதற்குள், அங்கே உலோகம் உலோகத்தோடு உரசிக்கொண்டிருக்கும். இஞ்சின் தேய்வதில் கணிசமான பங்கு இந்த முதல் சில விநாடிகளில்தான். போதாக்குறைக்கு, கெட்டி ஆயிலை எதிர்த்து இஞ்சினைச் சுழற்ற பேட்டரியும் திணறும். டீசல் இஞ்சின் வேகமாகச் சுழன்றால்தான் பற்றும்.

நல்ல நிலையில் உள்ள இஞ்சினுக்கு 15டபிள்யூ-40 நம் நாட்டில் எந்த ஊருக்கும் பொருந்தும். வளையங்கள் தேய்ந்து, சூடேறினால் ஆயில் அழுத்த விளக்கு மினுக்கும் இஞ்சினாக இருந்து, ஊரும் வெப்பமானதாக இருந்தால் 20டபிள்யூ-50 போடலாம். அது நோய்க்கு மருந்தாகாது. வலியைத் தாங்க ஊன்றுகோல், அவ்வளவே. 20டபிள்யூ-50 என்று எழுதியிருப்பவற்றில் பல, பெட்ரோல் வண்டிகளுக்காகச் செய்தவை. அடுத்த பகுதியில் சொல்லும் எழுத்தையும் பார்த்தே வாங்குங்கள்.

டப்பாவின் மேல் எழுத்து

எண்ணைவிட முக்கியமானது ஏ.பி.ஐ. எழுத்து. 'எஸ்' என்று தொடங்கினால் பெட்ரோல் இஞ்சினுக்கு. 'சி' என்று தொடங்கினால் டீசலுக்கு. இரண்டும் எழுதியிருந்தால் இரண்டுக்கும் ஆகும். டீசல் வரிசையில் முன்பு சி.சி., சி.டி. என்பவை இருந்தன. பிறகு 1990-ல் சி.எஃப்-4, 1998-ல் சி.எச்-4, 2002-ல் சி.ஐ-4, 2006-ல் சி.ஜே-4, 2016 இறுதியில் சி.கே-4 என்று வளர்ந்தது.

அம்பாசடரின் 1489 சி.சி. டீசல் இஞ்சின், பி.எம்.சி. என்ற ஆங்கில நிறுவனத்தின் 'பி' வரிசையைச் சேர்ந்தது. சுமார் 37 குதிரைத் திறன். அந்தக் காலத்து சி.சி., சி.டி. ஆயிலிலேயே அது நிறைவாக ஓடியது. இன்று அதற்கு என் சிபாரிசு சி.எச்-4 அல்லது சி.ஐ-4 எழுத்துள்ள 15டபிள்யூ-40. லாரிக்கும் டிராக்டருக்கும் பரவலாக விற்கும் ஆயில்தான் இது. கரியைச் சுமப்பதிலும் அமிலத்தை முறிப்பதிலும் பழைய சி.டி. ஆயிலைவிட மிகவும் மேல்.

சி.ஜே-4-க்குப் பிறகு வந்தவற்றில், புகைபோக்கியில் வடிகட்டி உள்ள புது வண்டிகளை உத்தேசித்துச் சாம்பல், பாஸ்பரஸ், கந்தகம் ஆகியவற்றின் அளவுக்கு வரம்பு வைத்தார்கள். நம் கிழவருக்கு அந்த வடிகட்டியே இல்லாதபோது, அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பானேன்? எஃப்.ஏ-4 என்ற எழுத்து கண்ணில் பட்டால் தொடவே வேண்டாம். அது மிகப் புதிய இஞ்சின்களுக்கான மெல்லிய ஆயில். அதுபோலவே, புதிய பெட்ரோல் கார்களுக்கான 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 ஆயில்களும் வேண்டாம். கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் காப்பதற்காக அவற்றில் துத்தநாக, பாஸ்பரஸ் மருந்தைக் குறைத்திருக்கிறார்கள். அம்பாசடர் இஞ்சினில் கேம் ஷாஃப்டின் மேல் டேப்பெட் உராய்ந்தபடியே நகர்கிறது. அந்த இடத்தைக் காப்பது இந்த மருந்துதான். ரயில் இஞ்சினின் வெள்ளிக்கு எது எமனோ, அதுவே இங்கே காவலாளி!

'சிந்தெடிக் ஊற்றினால் பழைய சீல் கரைந்துவிடும்' என்பது மிகையான பயம். ஆனாலும் கரியால்தான் நம் ஆயில் கெடுகிறது, சூட்டால் அல்ல. எந்த ஆயிலானாலும் அதே தூரத்தில் மாற்றத்தான் வேண்டும். மினரல் ஆயிலே போதும்.

எரிபொருள் மாறிய கதை

1990-களின் நடு வரை நம் டீசலில் கந்தகம் 1 சதவீதம் வரை, அதாவது பத்து லட்சத்தில் பத்தாயிரம் பங்கு வரை அனுமதிக்கப்பட்டிருந்தது. படிப்படியாகக் குறைந்து, 1.4.2020 முதல் நாடெங்கும் விற்கும் பாரத் ஸ்டேஜ் 6 டீசலில் பத்து லட்சத்தில் பத்து பங்குக்கு மேல் கந்தகம் கூடாது. ஆயிரத்தில் ஒரு பங்காகிவிட்டது!

இதனால் ஆயிலில் அமிலம் சேர்வது வெகுவாகக் குறைந்தது. 'கந்தக டீசலுக்கு ரொம்ப ஸ்ட்ராங்கான ஆயில் வேண்டும்' என்ற பழைய அறிவுரை இன்று பொருந்தாது. ஆனால் கரி குறையவில்லை. அது இஞ்சினின் வயதையும் இன்ஜெக்டரின் நிலையையும் பொறுத்தது. கந்தகத்தை நீக்கும்போது டீசலின் இயற்கையான வழவழப்பும் குறையும் என்பதால், அதற்கு மாற்று மருந்தைச் சேர்த்தே விற்பனைக்கு அனுப்புகிறார்கள். டீசல் தொட்டியில் இரண்டு மூடி இஞ்சின் ஆயில் கலக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம்.

முதல் முறை மாற்றும்போது

பல ஆண்டுகள் மட்டமான ஒற்றை எண் ஆயிலில் ஓடிய இஞ்சினின் உள்ளே வண்டல் அப்பியிருக்கும். நல்ல ஆயிலை ஊற்றியதும் அது வண்டலைப் பெயர்க்கும். பெயர்ந்தது சம்ப்பில் உள்ள சல்லடையை அடைக்கும். ஆயில் மேலே ஏறாது. எனவே முதல் முறை ஊற்றிய ஆயிலை 1000 கிலோமீட்டரிலேயே ஃபில்டரோடு மாற்றிவிடுங்கள். இரண்டாம் முறை 2000-ல். அதன் பிறகு 5000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது. கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் போகும் வண்டிக்கு ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறு தூர ஓட்டத்தில் இஞ்சின் முழுதாகச் சூடேறாமல், ஆயிலில் ஈரம் தங்கிவிடும்.

கியர் பெட்டியும் பின் அச்சும்

தவறு அதிகம் நடப்பது இங்கேதான். நம் அன்பர் ஒருவரின் வண்டியில், 'பெஸ்ட் கியர் ஆயில்' என்று சொல்லிப் பின் அச்சுக்கான ஆயிலையே கியர் பெட்டியிலும் ஊற்றி அனுப்பினார்கள். சில மாதங்களில் கியர் மாற்றும்போதெல்லாம் கரகரவென்று சத்தம். பிரித்துப் பார்த்தால் பித்தளை வளையங்கள் தேய்ந்து போயிருந்தன.

பின் அச்சில் உள்ளது ஹைபாய்ட் கியர். அதன் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று கடும் அழுத்தத்தில் சறுக்குகின்றன. அதைத் தாங்கக் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்து தேவை. ஜி.எல்-5 என்ற வகையில் இந்த மருந்து ஏராளம், ஜி.எல்-4-ல் ஏறக்குறைய அதில் பாதி. பற்கள் முழுக்க எஃகு என்பதால், பின் அச்சுக்கு ஜி.எல்-5 ரகத்தில் 90 அல்லது 80டபிள்யூ-90 ஆயில் மிகப் பொருத்தம்.

கியர் பெட்டியில் இருப்பதோ பித்தளை, வெண்கல வளையங்கள். வேகம் மாறும்போது அவை உராய்ந்து கியரின் வேகத்தைச் சமப்படுத்துகின்றன. அளவுக்கு மேல் வழுக்கினால் அவை பிடிக்காது. சூட்டில் கந்தக மருந்து செம்பு கலந்த உலோகத்தை அரிக்கவும் செய்யும். இப்போது வரும் ஜி.எல்-5 ஆயில்கள் சிலவற்றில் அரிப்பைக் குறைத்திருக்கிறார்கள் என்றாலும், பழைய பெட்டியில் சோதனை செய்து பார்க்க வேண்டாம். வண்டியின் கைப்புத்தகம் கியர் ஆயில் கேட்டால் ஜி.எல்-4 மட்டும் ஊற்றுங்கள். பி.எம்.சி. வழி வந்த அந்தக் காலத்துக் கியர் பெட்டிகள் சிலவற்றுக்கு இஞ்சின் ஆயிலையே விதித்திருந்தார்கள். அப்படி எழுதியிருந்தால் மெக்கானிக் சிரித்தாலும் கைப்புத்தகத்தையே நம்புங்கள். கியர் ஆயிலின் எண் வேறு அளவுகோலைச் சேர்ந்தது. கியர் ஆயிலில் 90 என்பதும் இஞ்சின் ஆயிலில் 40 அல்லது 50 என்பதும் பிசுபிசுப்பில் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆட்டோமாட்டிக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு

மெர்சிடிஸ் டபிள்யூ123 வரிசை 1976 முதல் பத்தாண்டு காலம், சுமார் 27 லட்சம் கார்கள் தயாரான புகழ்பெற்ற வரிசை. இஞ்சினுக்கு மேலே சொன்ன 15டபிள்யூ-40 டீசல் ஆயிலே போதும். ஆட்டோமாட்டிக் பெட்டிக்கு வேண்டியது டெக்ஸ்ரான்-2 தரத்து ஃபுளூயிட். இன்று 'டெக்ஸ்ரான்-2, 3-க்கு ஏற்றது' என்று எழுதிய டப்பாவைக் கேட்டு வாங்குங்கள்.

இந்த ஃபுளூயிடுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பழைய டெக்ஸ்ரானில் திமிங்கில எண்ணெய் சேர்த்திருந்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா திமிங்கிலங்களைக் காக்கச் சட்டம் கொண்டுவந்ததும், மாற்று மருந்து தேடி டெக்ஸ்ரான்-2 பிறந்தது. அவ்வளவு நுட்பமான உராய்வுக் கணக்கு அதில் அடங்கியிருக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகள் எப்போது வழுக்க வேண்டும், எப்போது பிடிக்க வேண்டும் என்பதை அந்த ஃபுளூயிட்தான் தீர்மானிக்கிறது. ஃபோர்டு வண்டிகளுக்கான 'எஃப்' ரகத்தின் உராய்வுத் தன்மை வேறு, சி.வி.டி. பெட்டிக்கான ஃபுளூயிடும் வேறு. அவை ஆகாது.

இன்னொன்று பலருக்கு வியப்பாக இருக்கும். இதே டபிள்யூ123 வரிசையில் கையால் கியர் மாற்றும் பெட்டிக்கும் ஆட்டோமாட்டிக் ஃபுளூயிடையே விதித்திருக்கிறார்கள். அதில் 90 ஆயிலை ஊற்றினால், குளிர்காலக் காலைகளில் கியர் விழ மறுக்கும்.

ஆட்டோமாட்டிக் பெட்டியில் அளவு பார்ப்பதற்கு முறை உண்டு. வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, லீவரை 'பி' நிலையில் வைத்து, இஞ்சின் ஓடும்போதே பார்க்க வேண்டும். அளவுக் கோலில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே சுமார் 300 மில்லிதான். ஒரு லிட்டரைக் கவிழ்த்துவிடாதீர்கள். ஃபுளூயிடுக்கு சிவப்புச் சாயம் போட்டிருப்பதே, தரையில் சொட்டினால் எங்கிருந்து ஒழுகுகிறது என்று தெரிவதற்காகத்தான். அது பழுப்பாகிக் கருகிய வாடை அடித்தால், கிளட்ச் தட்டு தீய்ந்திருக்கிறது என்று பொருள். புது ஃபுளூயிட் மட்டும் அதைக் குணப்படுத்தாது.

அளவுக்கு மிஞ்சினால்

அமிர்தமும் நஞ்சு என்பது டீசல் இஞ்சினுக்கு அப்படியே பொருந்தும். மேல்கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றினால், கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கும். தேய்ந்த இஞ்சினில் ஆயில் ஆவி, மூச்சுக் குழாய் வழியாகக் காற்று நுழையும் பாதைக்குப் போகும். டீசல் இஞ்சின் அந்த ஆயிலையே எரிபொருளாகக் குடித்து, கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கலாம். அப்போது சாவியைத் திருப்பினாலும் நிற்காது. கையால் கியர் மாற்றும் வண்டியானால், பிரேக்கை முழுதும் அழுத்தி, மேல் கியரில் போட்டு, கிளட்சை விட்டு அணைக்க வேண்டும். அல்லது காற்று நுழையும் வாயைக் கெட்டியான பலகையால் மூட வேண்டும். வெறும் கையைக் கொண்டு போகவே கூடாது.

ஊற்றாமலே ஆயில் மட்டம் ஏறினால் மகிழ வேண்டாம். டீசலோ தண்ணீரோ சம்ப்பில் இறங்குகிறது என்று பொருள். உடனே வண்டியை நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள்.

வீட்டிலேயே ரத்தப் பரிசோதனை

டீசல் ஷெட்டுகளில் ஒவ்வொரு இஞ்சினின் ஆயிலையும் ஸ்பெக்ட்ரோகிராஃப் கருவியில் வைத்துப் பார்ப்பது வழக்கம். ஈயமும் செம்பும் கூடினால் பேரிங் தேய்கிறது. சிலிக்கான் கூடினால் காற்று ஃபில்டர் வழியே புழுதி நுழைகிறது. வீட்டில் அந்தக் கருவி இல்லை. ஆனால் ஷெட்டில் செய்யும் எளிய சோதனைகள் இரண்டை யாரும் செய்யலாம்.

முதலாவது, மையொற்றுத் தாள் சோதனை. சூடான இஞ்சினின் அளவுக் கோலிலிருந்து ஒரு சொட்டைத் தாளில் விட்டு, ஓர் இரவு வையுங்கள். கறுப்பு சீராகப் பரவி, வெளியே மங்கிய வளையம் தெரிந்தால், ஆயில் இன்னும் கரியைச் சுமக்கிறது. நடுவில் கன்னங்கரேலென்று ஒரு பொட்டு கூர்மையான விளிம்போடு நின்றுவிட்டால், அதன் ஆயுள் முடிந்தது.

இரண்டாவது, சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விடுவது. படபடவென்று வெடித்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பட்டறையில், பழைய தகட்டில் செய்யுங்கள். வீட்டுத் தோசைக்கல்லை எடுத்தால் வரும் விளைவுக்கு நான் பொறுப்பல்ல!

வாங்கும்போது

போலி ஆயில் எல்லா ஊரிலும் உண்டு. பெட்ரோல் பங்கிலோ அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடமோ சீல் உடையாத டப்பாவாக வாங்கி, ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். உங்கள் கண் முன்னால் ஊற்றச் சொல்லுங்கள். காலி டப்பாவை ஓட்டை போட்டே எறியுங்கள். இல்லாவிட்டால் அது மறுபடியும் நிரம்பி வேறொருவர் வீட்டுக்குப் போகும். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் விடாமல், அதைச் சேகரித்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பட்டறையில் கொடுங்கள்.

தில்லி வட்டார அன்பர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் பற்றி 2015-ல் பசுமைத் தீர்ப்பாயமும் 2018-ல் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்ட பிறகு, விதிகள் பலமுறை மாறியிருக்கின்றன. ஆயிலுக்குச் செலவு செய்யுமுன் போக்குவரத்து அலுவலகத்தில் உங்கள் வண்டியின் நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தை வண்டியின் டாஷ்போர்டில் வையுங்கள். இஞ்சினுக்கு எது, கியர் பெட்டிக்கு எது, பின் அச்சுக்கு எது என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். மாற்றிய தேதி, கிலோமீட்டர், டப்பாவில் கண்ட எண், எழுத்து ஆகியவற்றை அடுத்த பக்கங்களில் குறித்து வாருங்கள். நாளைக்கு வண்டியைப் பிள்ளையிடம் ஒப்படைக்கும்போது, சாவியோடு அந்த நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.